சோப்பின் மேல் நிற்காத ரோஜாக்கள்

சோப்புக்கும் காய்ச்சல் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் நான் சிரித்திருப்பேன். நான் செய்துகொண்டிருந்தது அடுப்பிலேயே வைக்காத சோப்பு. தேங்காய் எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரையும் சேர்த்துக் கலக்கி, பலகைப் பெட்டியில் ஊற்றிப் போர்த்தி வைத்தால் தானாக இறுகிவிடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று காலை கம்பளியை விலக்கிப் பார்த்தால், முந்தின நாள் என் தங்கை முதுகு ஒடியக் குனிந்திருந்து வைத்த வெள்ளை ரோஜாக்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. சோப்பின் நடுவில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து எண்ணெயும் உள்ளே சேர்த்திருந்த தேனும் தவிட்டு நிறத்தில் கசிந்திருந்தது. பூ இருந்த இடத்தில் என்னவோ மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. கையுறையோடு தொட்டுப் பார்த்தேன், அப்போதும் சூடு போகவில்லை.

"சவம், போச்சு" என்று என் வாயில் வந்தது. தங்கை பின்னால்தான் நின்றாள். அவள் பேசாமல் நிற்பதைத்தான் என்னால் எப்போதும் தாங்க முடியாது. திட்டினாலாவது நானும் திருப்பித் திட்டலாம்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட ரொம்ப இளையவள், நான் தூக்கி வளர்த்தவள். அவளைக் கட்டினவன் கேரளத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போனான். போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அது தெரிந்த அன்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் சவுதியில், மகன் பாலிடெக்னிக்கில். இடத்துக்குப் பஞ்சமில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் பூ வைக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. அந்த வேலைதான் அவளை நிமிர வைத்தது. க்ரீம் பையை ஒரு கையால் அமுக்கி, மறுகையால் கேக்கைத் திருப்பித் திருப்பி அவள் ஒரு ரோஜா வைத்து முடிக்கிற நேரத்தில் நான் ஒரு வெங்காயம் உரித்திருக்க மாட்டேன். கிறிஸ்மஸ் மாதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடியெல்லாம் வெனிலா மணக்கும்.

பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மைதாத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, பேக்கரிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டு வீட்டில் இருந்த அந்த மாதங்களில் அவளுடைய விரல் சும்மா இருக்காது. பிள்ளைக்குப் பிசைந்த சோற்றைக்கூடத் தட்டில் இதழ் இதழாக வைப்பாள். பிள்ளை அதைக் கலைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கும், சோறு ஆறிப்போகும். எனக்கு ஒரு பக்கம் எரிச்சலாகவும் இன்னொரு பக்கம் பாவமாகவும் இருக்கும்.

எங்கள் அண்ணன் குவைத்தில் டிரைவர். கெட்டவன் இல்லை, தங்கை மேல் உயிர். அவனுக்குத் தெரிந்த வழி குவைத் ஒன்றுதான். அவன் வேலை பார்க்கிற வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல வீடு, சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் ஆள் வேண்டும், இரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று வாராவாரம் போனில் சொன்னான். லீவுக்கு வந்த ஒரு சிநேகிதன் கையில் சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி ஒன்றையும் கொடுத்தனுப்பிவிட்டான். பெட்டி வந்ததிலிருந்து தங்கையின் மகள் அந்த அறைப்பக்கம் போவதில்லை. ராத்திரி அம்மாவின் நைட்டித் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். ஊரான் பிள்ளையை வளர்க்க இவள் தன் பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டுமா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வேறு வழி சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை.

சோப்பு நான் மகளிர் குழுப் பயிற்சியில் கற்றது. எங்கள் தென்னை விளையில் தேங்காய் உண்டு. கொப்பரை ஆட்டிய எண்ணெய்க்கும் குறைவில்லை. பொழுதுபோக்காகச் செய்து அக்கம்பக்கத்தில் கொடுப்பேன். ஒரு நாள் கலவை பாத்திரத்திலேயே கெட்டியாகிவிட்டது. அதைக் கொட்டிக் களையப் போனேன். தங்கை எட்டிப் பார்த்து, இது க்ரீம் பதமாச்சே என்றாள். கையுறையை மாட்டிக்கொண்டு பழைய க்ரீம் பையைத் தேடி எடுத்து வந்தாள். சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றியிருந்த சோப்பின் மேல் அன்று அவள் வைத்த ரோஜாக்களைப் பார்க்க வேண்டுமே! மறுநாளும் அப்படியே நின்றன. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு துணி துவைத்தது அன்றைக்குத்தான்.

அந்த ரோஜாவைத் தேன்காரர் பார்த்தார். எங்கள் ரப்பர் தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருக்கிறவர், மாசி பங்குனியில் ரப்பர் தளிர்த்துத் தேன் சுரக்கும்போது தினமும் வருவார். வைகாசியில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். வருகிறவர்கள் எல்லாருக்கும் போகும்போது ஆளுக்கு ஒரு சோப்பு கொடுக்கவேண்டும், மேலே இதே மாதிரி வெள்ளை ரோஜா இருக்கவேண்டும், உள்ளே அவருடைய பெட்டித் தேன் சேரவேண்டும் என்றார். தேன் விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். அந்தத் தேனை விற்றுத்தானே மகளைப் படிக்க வைத்தார். திருவனந்தபுரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆள் வரும், பார்க்கிறவர்கள் இன்னும் வேலை கொண்டுவருவார்கள் என்றும் சொன்னார்.

தங்கை அன்றே அண்ணனுக்குப் போன் போட்டாள். கல்யாணம் வரைக்கும் பொறு, இந்த வேலை நன்றாக வந்தால் இதை வைத்தே பிழைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் நீ சொல்கிறபடி வருகிறேன் என்றாள். அண்ணன் சரி என்றான். சோப்பு ஒரு மாதமாவது காற்றாடக் கிடந்தால்தான் தேய்க்கிற பக்குவத்துக்கு வரும். ஆகவே சித்திரை பாதிக்குள் செய்து முடித்தாகவேண்டும். அவள் இங்கே இருப்பதா போவதா என்பது ரோஜா நிற்பதில்தான் இருந்தது.

அப்படி ஆரம்பித்ததுதான் நான் முதலில் சொன்ன அந்தச் சோப்புப் பெட்டி. அது வெடித்த அன்று மகன் இன்டர்நெட் டேட்டா கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகி, வெளிநாட்டுப் பெண்கள் சோப்பு செய்கிற வீடியோக்களைத் தேடிப் போட்டான். தேனில் இருக்கிற இனிப்பு சோப்புக்குள்ளே போனால் சூட்டைக் கிளப்பிவிடுமாம். எண்ணெயும் காஸ்டிக்கும் சேரும்போதே ஒரு சூடு உண்டு, தேன் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதற்கு மேல் நான் இரண்டு கம்பளி போர்த்தியிருக்கிறேன், சித்திரை வெயிலில். போர்த்தாவிட்டால் சோப்பு வேகாது என்று பயிற்சியில் சொன்னதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன். தேனே போடவேண்டாம், போட்டோம் என்று சொல்லிவிடலாம், யார் வந்து நக்கிப் பார்க்கப் போகிறார்கள் என்றேன். தங்கை முகத்தைச் சுளித்தாள். அந்த மனுஷனை ஏமாற்றிவிட்டு ரோஜா வைக்க அவளால் முடியாதாம்.

அடுத்த தடவை கம்பளி கிடையாது. காஸ்டிக் தண்ணீரை அயனி மரத்தடியில் நானே ஐஸ் போட்டுக் கரைத்தேன். அந்த ஆவி பட்டாலும் அவளுக்கு மூச்சு இழுக்கும், அதனால் அவளை அருகில் விடவில்லை. ஊற்றிப் பூ வைத்ததும் ஃபிரிட்ஜில் வை என்று வீடியோக்காரி சொன்னாள். அவளுக்கென்ன, அவள் ஊரில் கரண்ட் இருக்கிறது. நான் மீனையும் பாலையும் மாவையும் வெளியே எடுத்துப் போட்டு, தட்டைக் கழற்றி, ஃபிரிட்ஜை சோப்புப் பெட்டிக்குக் காலி செய்து கொடுத்தேன். பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினதும் கரண்ட் போயிற்று. அது மின்வெட்டுக் காலம். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததில் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சொட்டியது. ஓரத்து ரோஜாக்கள் ஒரு மாதிரி நின்றன. நடுவில் இருந்தவை எல்லாம் அப்படியே சரிந்துவிட்டன. மீனும் கெட்டுப்போயிற்று.

தேனைக் குறைத்துப் பார்த்தோம். ஈரச் சாக்கின் மேல் பெட்டியை வைத்துப் பார்த்தோம். காலையில் நிற்கிற ரோஜா மத்தியானத்துக்குள் உட்கார்ந்துவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்று பார்த்துத் தேன்காரர் வந்தார். உமது தேனைக் கொண்டுபோய் ஆற்றில் ஊற்றும் என்ற அளவுக்குப் பேசிவிட்டேன். அவர் அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை. தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பூ இல்லன்னாலும் குத்தமில்ல பிள்ளே. தேன் சோப்பு மட்டும் தந்தா மதி. நீங்க ரெண்டுபேரும் கெடந்து வெப்ராளப்படாண்டாம்."

எவ்வளவு நல்ல மனுஷன். சோப்பு மட்டும் போதும், நாங்கள் கிடந்து பதறவேண்டாம் என்று நல்ல எண்ணத்தில் சொன்னதுதான் எங்கள் தலையில் இடியாக இறங்கியது. பூ இல்லாத சோப்பை நான் ஒருத்தியே செய்துவிடுவேனே, அதற்குத் தங்கை எதற்கு? அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் உள்ளே போய் நீலப் பெட்டியை இழுத்துத் திறந்து, இரண்டு சேலையை மடித்து வைத்தாள். என்னட்டி செய்கிறாய் என்று கத்தினேன். கடைசி நேரத்தில் பரபரப்பாக இருக்கும், இப்போதே எடுத்து வைத்தால் நல்லது என்றாள், சந்தைக்குப் போகிறவள் மாதிரி. நான் அடுக்களைக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன்.

அந்த வாரம் பிள்ளையின் பிறந்தநாள் வந்தது. பள்ளிக்கூடம் லீவு. அம்மா கையால் கேக் வேண்டும் என்று அது பிடித்த பிடியை விடவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு அம்மா இருக்கமாட்டாள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. நான்தான் மாவைச் சலித்தேன். தங்கை மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று சொல்லச் சொல்ல, நான் கலக்கி குக்கரில் வேகவைத்தேன். இறக்கித் தட்டில் கவிழ்த்தாயிற்று. கேக்கின் நடுவில் ஒரு சின்ன வெடிப்பு. பிள்ளை மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குப் பொறுமை ஏது, வை பூவை, பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்றேன்.

"ஆறட்டும் அக்கா" என்றாள் தங்கை. "சூட்டுக்க மேல வச்சா பூ எறங்கீரும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். க்ரீம் பை அவள் கையில். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். கேக்கு விஷயத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பாள். பேக்கரியில் கேக் இன்றைக்கு வேகும், பூ நாளைக்கு ஏறும். சோப்பு என்று வந்ததும் அது அவளுக்கு மறந்தே போயிற்று. காரணம் நான்தான். ஊற்றின கையோடு பூவை வைத்துவிடு, இறுகிவிட்டால் ஒட்டாது என்று முதல் நாளே சட்டம் போட்டிருந்தேன். அக்கா சொன்னால் அவளுக்கு அப்பீலே கிடையாது. உள்ளே வெந்துகொண்டிருக்கிற சோப்பின் தலையில் பூவை வைத்துவிட்டு, ஏன் உருகுகிறது என்று இரண்டு பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம்.

"ஆறினப்பொறவு பூ ஒட்டாதுல்லா?" என்றேன்.

கேக்கிலும்தான் ஒட்டாது, அதற்குத்தானே ஈரம் தொட்டுக்கொள்கிறோம் என்றாள். துண்டுக்கு மேலே அவளுடைய கண் இரண்டும் மின்னின. கேக் ஆறும்வரை மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிறகு அந்த வெடிப்பின் மேலேயே ஒரு ரோஜாவை வைத்து மறைத்தாள்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தோம். எண்ணெயையும் காஸ்டிக் தண்ணீரையும் நன்றாக ஆறவிட்டுக் கலக்கினேன். தேனைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றினேன். பெட்டியைப் போர்த்தாமல், காற்று வருகிற வாசலோரம் இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்தோம். அது உள்ளுக்குள் சூடேறி, நடுவில் கொஞ்சம் வெடித்து, தன் ஆத்திரமெல்லாம் தீர்த்துக்கொண்டு சாயங்காலம் மெல்ல மெல்ல அடங்கியது. தலையில் பூ இல்லாததால் எனக்கும் பதற்றம் இல்லை. மறுநாள் தொட்டால் சில்லென்று இருந்தது. துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றின் தலையையும் முள்கரண்டியால் கீறி, ஈரத்துணியால் ஒற்றிக் கொடுத்தேன். தங்கைக்குத் தனியாகக் கொஞ்சம் வெள்ளைச் சோப்புக் கலவை, அதில் தேன் ஒரு சொட்டும் கிடையாது. கையுறை போட்டுப் பையை எடுத்தாள். சோப்புக்கு ஒரு ரோஜா, வெடித்த இடம் இருந்தால் அங்கே ஒரு இலையும் சேர்த்து.

காலையில் நின்றது. மத்தியானம் நின்றது. வெயில் தாழ்ந்த பிறகும் நின்றது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன், அவள் கையுறையைக் கழற்றவில்லை என்பதால் இரண்டு கையையும் காக்கா மாதிரி விரித்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அதன்பிறகு வீட்டில் கட்டில் மேல், அலமாரி மேல், ஜன்னல் படியில் எல்லாம் ரோஜாதான். நாங்கள் தரையில் படுத்தோம்.

ஆனாலும் குவைத் பேச்சை அவள் எடுக்கவில்லை. காய்ந்தபிறகு பூ தனியே கழன்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். நானும் கேட்கவில்லை. அண்ணன் போனில் டிக்கெட் பற்றிக் கேட்டால் கல்யாணம் கழியட்டும் என்று மட்டும் சொல்வாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் தேன்காரர் வந்து ஒரு சோப்பை எடுத்தார். கட்டை விரலால் ரோஜாவை ஒரு பக்கமாகத் தள்ளினார். அசையவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினார். எனக்கு உயிரே இல்லை. பூ வரவில்லை. சோப்பை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு மோந்து, "கொள்ளாம்" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

கொண்டுபோய்க் கொடுக்கிற நாள் காலையில், ரோஜா நசுங்காமல் எதில் வைப்பது என்று தெரியவில்லை. வீட்டில் அத்தனை சோப்பும் கொள்கிற அளவுக்கு இருந்தது அந்த நீலப் பெட்டி ஒன்றுதான். தங்கை சேலைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பஞ்சும் காகிதமும் விரித்து அடுக்கினாள். பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ வந்தது. தங்கை நல்ல சேலை உடுத்தி, தலைவாரி, பெட்டியை உருட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

சக்கரச் சத்தத்தில் பிள்ளை எழுந்து வந்துவிட்டது. நிலைப்படியில் நின்று அம்மாவைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, ஆட்டோவைப் பார்த்தது. ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்து அழுதது. அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம்.

தங்கை பெட்டியை மண்ணில் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து நடுவிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்து காட்டினாள். வெள்ளை வெளேரென்று ரோஜா.

"பாரு மக்கா, சோப்பாக்கும். எனக்க துணி ஒண்ணும் இல்ல. அம்ம எங்கயும் போவல்ல. குவைத்துக்கும் போவல்ல, கேட்டியா?"

நானும் அப்போதுதான் கேட்டேன். அண்ணனிடம் அவள் பிறகு இதே வார்த்தையில் சொன்னாள். அவன் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அந்த அரபி வீட்டம்மாவுக்கு இரண்டு சோப்பு கொடுத்துவிடு என்றான். அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த நேரம் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டே ஆட்டோக்காரரைப் பார்த்து, கொஞ்சம் பொறுக்க மாட்டீரா என்று சும்மா சத்தம் போட்டேன். பாவம், அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

பிள்ளை ரோஜாக்களைக் கை போட்டுத் தள்ளி அடிவரைக்கும் பார்த்தது. உள்ளே சேலை எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் மூச்சு சீரானது.

"சாயங்காலம் வருவியா?"

"அதுக்கு முன்னாலயே வருவேன்."

பிள்ளை பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. "அப்ப பெட்டிய இங்க வச்சிட்டுப் போ."

வேறு யாராவது என்றால் சொல்லிப் புரிய வைத்திருப்போம். நாங்கள் இரண்டு பேரும் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டிலிருந்த அட்டைப்பெட்டி, முறம், சோற்றுப் பாத்திரம், மகனுடைய பழைய பை எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து, ரோஜாவை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினோம். ஆட்டோக்காரரும் இறங்கி வந்து கூடச் சேர்ந்துகொண்டார். தங்கை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பிள்ளை காலிப் பெட்டியை மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. பால் கொடுத்தேன், அங்கேயே குடித்தது. குளிக்கக் கூப்பிட்டேன், வரவில்லை. வெயில் ஏறினதும் பெட்டியைப் பிள்ளையோடு சேர்த்து வராந்தாவுக்கு இழுத்துப் போட்டேன். வாசலில் ஆட்டோ வந்து நின்று, அம்மா இறங்கி, செருப்பைக் கழற்றி உள்ளே வந்த பிறகுதான் அது பெட்டியை விட்டு இறங்கியது.